மலைக்கு எந்த டயர்?

அத்தியாயம் 11

சந்தேகப்படுவதற்கு ராஜமேரிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பால்காரன் சிரித்துக்கொண்டே ஊற்றினால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறான் என்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊற்றினால், மாட்டிக்கொண்ட பயம் என்பாள். அப்படிப்பட்டவள் கையில் போன சனிக்கிழமை புருஷனின் காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதம் சிக்கினால் கேட்கவா வேண்டும்?

கடிதம் முழுக்க இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. ஐந்தாவதோடு நின்றுவிட்ட ராஜமேரிக்கு அதில் இரண்டே விஷயம்தான் புரிந்தது. கீழே குத்தியிருந்த ரப்பர் ஸ்டாம்பில் தமிழில் 'ஓசூர்' என்று இருந்தது. நடுவில் 3-11-86 என்று இன்னும் வராத ஒரு தேதி. மகளிடம் காட்டிப் படிக்கச் சொல்லலாம் என்று அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் சட்டையும் இல்லை, கடிதமும் இல்லை. புருஷன் மதலைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, மலைக்கு ஆள் ஏற்றும் தன் ஜீப்பை எடுத்துப் போய்விட்டான்.

புருஷனிடம் கேட்டாளா? கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும், வாயை மூடிக்கொண்டு இருந்தால் உண்மை தானாக வரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

உண்மைக்குப் பதிலாக வேறொன்று வந்தது. திங்கட்கிழமை சித்தேரி மலை இறக்கத்தில் ஜீப்பின் முன் டயர் வெடித்தது. வண்டியில் ஒன்பது பேர். மாதா புண்ணியத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. "கல்லு குத்திடுச்சி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான் மதலைமுத்து.

ஆகவே இன்று, புதன்கிழமை, நாலு டயரையும் மாற்றுவதற்காக ஜீப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு வந்திருக்கிறது. ஓட்டி வந்தவன் மதலைமுத்து. வண்டிக்குக் கிளீனராக இருக்கும் அவன் தம்பி சவரி இடது பக்கப் படியில் தொற்றிக்கொண்டு வந்தான். "நானும் வர்றேன்" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் ராஜமேரி. டயர் வாங்க எந்த வீட்டிலும் பெண்பிள்ளை வருவதில்லை. ராஜமேரி வந்தாள்.

காரணம் இருந்தது. மகள் புஷ்பமேரிக்கு மலை மேல் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஐப்பசி மழையில் பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும், ஏறுவது ஜீப் மட்டும்தான். ஜீப் தினமும் மலைக்கு ஓடினால் மகள் அப்பாவோடு போய் அப்பாவோடு வருவாள். அந்தக் கடிதம் ஓசூர்க் கம்பெனி ஏதோ ஜீப்பை வாடகைக்குக் கேட்டுப் போட்டது என்பது அவள் கணக்கு. அப்படி ஜீப் ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டால்? இருபத்தொரு வயதுப் பெண் மலையில் தனியாகத் தங்க வேண்டும், இல்லையென்றால் கிடைத்த வேலையை விட வேண்டும். இரண்டுக்கும் ராஜமேரி இடம் கொடுப்பதாக இல்லை.

*

டயர் கடைக்காரர் பச்சியப்பன் வெளியே வந்து ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். பாறை அடியில் இடிக்கக் கூடாதென்று ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை போட்டு அரைச் சாண் தூக்கிக் கட்டிய ஜீப் அது. ஊரில் அதற்கு ஒட்டகம் என்று பெயர்.

"ஆறுக்குப் பதினாறு சைஸுல நாலு டயரு," என்றான் மதலைமுத்து. "கோடு டயராவே குடுங்க."

ராஜமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோடு டயர் என்றால் தார் ரோட்டு டயர். நீளவாக்கில் நாலு கோடு மட்டும் இருக்கும், தாரில் சத்தம் இல்லாமல் ஓடும், சேற்றில் வழுக்கும். ஆறு வருஷமாக மலைக்கு ஓட்டுகிறவன் வாயில் கோடு டயர் வருகிறதென்றால் அதற்கு என்ன அர்த்தம்?

பச்சியப்பனுக்கே ஆச்சரியம். "கோடா? ஏண்ணே, வண்டி சித்தேரிக்குத்தான போவுது? மழ வேற புடிச்சிக்கிச்சி. சேத்துல ஒரு அடி ஏறாதே அது."

"இப்பல்லாம் தாருலதான் சவாரி அதிகம்."

"எப்பத்துலருந்துங்க?" என்றாள் ராஜமேரி. "எனக்குத் தெரியாம அது எந்தத் தாரு?"

மதலைமுத்து தலையைச் சொறிந்தான். சவரி திரும்பி ரோட்டைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தன் கண்ணைத் தவிர்த்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

"பட்டன் டயரு எடுங்கண்ணே," என்றாள் பச்சியப்பனிடம்.

அவர் ஒன்றை உருட்டி வந்தார். கட்டை கட்டையாக ரப்பர், நடுவில் விரல் நுழையும் சந்து. "சேத்துக்கு இத அடிச்சிக்க ஒண்ணும் இல்லீங்கக்கா. ஆனா தாருல ஓட்டுனா உய்யினு கத்தும், சீக்கிரம் தேஞ்சிரும். உங்க வூட்டுலருந்து அடிவாரத்துக்குத் தெனமும் தார் ரோடு இருக்குதில்ல?" என்றவர் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். "அதுக்குத்தான் இது. ஓரத்துல பட்டன், நடுவுல கோடு. ரெண்டு ரோட்டுலயும் ஓடும். எட்டு பிளை, உள்ள எட்டு அடுக்கு நூலு, பக்கவாட்டுல கெட்டியா நிக்கும். தூக்கிக் கட்டுன வண்டி வளைவுல ஆடும் பாருங்க, அதுக்கும் நல்லது. என்னக் கேட்டா தெனமும் ஓடுற உங்க வண்டிக்கு இதுதான் சரி."

நியாயமான மனுஷன், நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் ராஜமேரியின் மூளை வேறு பாதையில் ஓடியது. இரண்டு ரோட்டிலும் ஓடும் என்றால் ஓசூர் ரோட்டிலும் ஓடும். கோடு டயரைக் கேட்டு, அவள் மறுத்ததும் இதற்கு இறங்கி வருவது ஆண்கள் மூன்று பேரும் முன்கூட்டியே பேசிவைத்த நாடகமாக இருந்தால்?

பட்டன் டயர் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. அந்தச் சத்தத்தோடு ஓசூர் வரைக்கும் எவன் ஓட்டுவான்? எந்தக் கம்பெனி ஆபீசர் ஏறுவான்?

"பட்டனே போடுங்க. நாலும்," என்றாள்.

"மேரி, அவரு சொல்றதக் கேளு," என்றான் மதலைமுத்து.

"கேட்டேன். மலைக்குப் போறவங்களுக்கு எதுக்குங்க நடுவாந்தரமான டயரு? இல்ல, மலைன்னா உங்களுக்கு இப்பப் பயமா இருக்குதா?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். மதலைமுத்துவின் முகம் கறுத்தது. அவன் ஒரு தடவை தம்பியைப் பார்த்தான்.

"அவ சொல்றதயே போடுங்க," என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தான்.

*

ஜாக்கி வைத்துப் பழைய டயர்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். பச்சியப்பன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், திங்கட்கிழமை வெடித்து, வண்டியின் பின்னால் போட்டுக் கொண்டுவந்திருந்த டயரின் முன்னால் குந்திவிட்டார்.

"அக்கா, இது கல்லு குத்துனதுன்னு யாரு சொன்னது?"

"ஏன்?"

"கல்லு குத்துனா அடியில ஓட்ட இருக்கணும். இது பாருங்க, பக்கவாட்டுல கிழிஞ்சிருக்குது. ஓரக் கல்லுல உரசி உரசி நூலு தெரியிது. ஒரு நாள்ல ஆனது இல்ல, ஆறு மாசமா உரசியிருக்கணும்." அவர் பின் டயரைப் புரட்டினார். "இதும் அப்படித்தான். ரெண்டும் எடது பக்கத்து டயரு. வலது பக்கத்துது ரெண்டும் பளிச்சினு இருக்குது. ஓட்டுறது யாரு, அண்ணன் மட்டுந்தானா?"

ராஜமேரிக்குச் சுரீர் என்றது. பதினெட்டு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிற மனுஷன். சந்துக்குள் ஜீப்பை விட்டாலும் சுவரில் சுண்ணாம்பு ஒட்டாமல் எடுப்பான். அவன் ஓட்டி இப்படி உரசுமா? அப்படியானால் ஓட்டுவது அவன் இல்லை!

அவள் பார்வை சவரி மேல் போனது. இருபத்துநாலு வயது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு அண்ணன் வண்டியில் கிளீனர். லைசென்ஸ் கிடையாது. தம்பிக்கு வண்டி பழக்குகிறாரா? ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டா? இவர் ஓசூருக்குப் போனால் மலைக்கு இவனை அனுப்பலாம் என்று திட்டமா? அந்த வண்டியில்தானே நாளைக்குப் புஷ்பா போகப் போகிறாள்!

சவரி புது டயர்களுக்குக் காற்றுப் பிடிப்பதை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மும்முரமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

திரும்பும்போது பச்சியப்பன் சொன்னது போலவே பட்டன் டயர் தாரில் உய்யென்று கத்தியது. மதலைமுத்து கடுகடுவென்று ஓட்டினான். பின்னால் சீட்டு முழுக்கக் காலி, ஆனால் சவரி மட்டும் இடது பக்கப் படியில் நின்றுகொண்டு வந்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வண்டித் தகரத்தில் தட்டிக்கொண்டே இருந்தான். ஒரு தட்டு, இரண்டு தட்டு, சில சமயம் சேர்ந்தாற்போல் மூன்று. பஸ் கிளீனர்கள் தட்டுவதுதான். ஆளே இல்லாத ரோட்டில் இவனுக்கு எதற்கு இந்த மேளம்?

"சவரி, உள்ள வந்து உக்காரு. உன்னாண்ட பேசணும்."

"இருக்கட்டும் அண்ணி. காத்தாட வர்றேன்."

"உக்காருன்னு சொல்றேன்ல?"

சவரி அண்ணனைப் பார்த்தான். மதலைமுத்து ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "போடா, போய் உக்காரு. தார் ரோடுதான்" என்றான். சவரி அரைமனதாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

ராஜமேரி திரும்பி உட்கார்ந்தாள். "நெஜத்தச் சொல்லு. திங்கக்கெழம வண்டிய ஓட்டுனது நீதான?"

"நானா? நல்லா இருக்குதே அண்ணி! அன்னிக்கு நான் காரிமங்கலத்துல என் பிரெண்டு கல்யாணத்துல இருந்தேன். நீங்கதான் மொய்க் கவரு குடுத்து அனுப்புனீங்க."

ஆமாம், அவள்தான் அனுப்பினாள். ஆனாலும் விடுகிற ஆளா அவள்?

"சரி, அத வுடு. ஓசூர்ல உங்கண்ணனுக்கு என்ன வேல?"

மதலைமுத்துவின் கை ஸ்டீயரிங்கில் இறுகியதை அவள் பார்த்தாள். சவரியோ விழித்தான்.

"அண்ணனுக்கா? அண்ணனுக்கு அங்க என்ன இருக்குது? ஓசூருக்கு வேலைக்கு எழுதிப் போட்டது நான்தான அண்ணி. போன மாசம் இண்டர்வியூக்கும் போயிட்டு வந்தேன். நல்லாத்தான் பண்ணுனேன். ஒரு பதிலும் காணோம். எடுத்திருந்தா இந்நேரம் லெட்டரு... அண்ணே! எடது! எடது!"

சவரி தகரத்தில் ஓங்கி அறைந்தான்.

ரோட்டின் இடது ஓரத்தில் தலை மேல் கடலைச்செடிக் கட்டோடு ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். ஒரு வண்டி அகலத்துக்கு இருந்தது கட்டு. ஜீப்பின் இடது பக்கம் அதன் மேல் போய்க்கொண்டிருந்தது. மதலைமுத்து ஸ்டீயரிங்கை வெட்டி ஒடித்தான். கட்டு ஜீப்பின் கம்பியில் உரசிச் சிதறியது. அந்தப் பெண் தப்பித்துப் புளியமரத்தடியில் போய் விழுந்தாள்.

"அடப்பாவி! கண்ண எங்கடா வெச்சிக்கினு ஓட்டுற?" எழுந்துகொண்டே அவள் கத்தினாள். அடி எதுவும் இல்லை. சவரி குதித்து ஓடி, கும்பிட்டு, சிதறிய செடிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

ஜீப்பில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மதலைமுத்து இன்ஜினை அணைத்தான்.

"நான் பாக்கலடி, மேரி. சத்தியமா பாக்கல."

பட்டப்பகல். நேரான ரோடு. ராஜமேரி அவனுக்கு இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மெல்லக் கையைத் தூக்கி அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரல்களை விரித்தாள், மடக்கினாள். அவன் அசையவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேசுவே!" என்றாள். "எத்தினி நாளா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. மறைக்க முயற்சி செய்யவில்லை.

"சித்திரையிலருந்து. மொதல்ல ஓரத்துல பொக மாதிரி இருந்துச்சி. இப்ப எடது கண்ணு சுத்தமா இல்ல. சேலத்துல காட்டுனேன். போனது வராதுன்னுட்டாங்க. வெளிய தெரிஞ்சா லைசென்ஸப் புடுங்கிடுவாங்க, அதான் சொல்லல. சவரிக்கு மட்டும் தெரியும். அவன் தட்டுவான். ஒரு தட்டுன்னா ஓரத்துல கல்லு, ரெண்டுன்னா பள்ளம், மூணுன்னா ஆளு. அவன் இல்லாத ஒரே நாளு திங்கக்கெழம."

ஒன்பது பேர். ராஜமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபமும் வந்தது.

"அப்ப அந்த லெட்டரு?"

மதலைமுத்து செடி பொறுக்கும் தம்பியைப் பார்த்தான். "அவனுக்கு வேல கெடச்சிருக்குது. மூணாந்தேதி சேரணும். போஸ்ட்மேன் எங்கையில குடுத்தான். கிழிக்கல, வெச்சிருக்கேன். குடுத்தா அவன் போயிடுவான். அவன் போயிட்டா எனக்கு மலை இல்ல. அதனாலதான் கோடு டயர் கேட்டேன். மலைய வுட்டுட்டு தாருலயே ஏதோ சமாளிச்சிக்கலாம், லெட்டரையும் அவனாண்ட குடுத்துடலாம்னு ராவெல்லாம் யோசிச்சி வெச்சிருந்தேன். நீதான் பட்டன் போட வெச்சிட்ட."

தாரில் சமாளிக்கும் லட்சணத்தை ராஜமேரி இப்போதுதான் கண்ணால் பார்த்தாள். கடையில் எல்லார் எதிரிலும் பயமா என்று கேட்டது நெஞ்சை அறுத்தது. மூன்று பேர் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தாளே, அந்த மூளையைக் கழற்றி ரோட்டில் எறியலாம் போலிருந்தது.

சவரி கட்டைக் கட்டி அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு வந்தான். இந்த முறை யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. இடது படியில் ஏறி நின்று தகரத்தைத் தட்டினான். ஜீப் கிளம்பியது.

*

வீட்டு வாசலிலேயே புஷ்பமேரி காத்திருந்தாள். நாளைக்குக் கட்டப் போகும் நீலச் சேலையை இஸ்திரி போட்டு மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். ஜீப் நின்றதும் குனிந்து டயரின் கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தாள்.

"அப்பா, பட்டன் டயரா! இனிமே எவ்ளோ மழ பெஞ்சாலும் மலை ஏறலாமில்ல? நான் மொத நாளே லேட்டா போயிடுவேனோன்னு பயந்துட்டே இருந்தேன்."

மதலைமுத்து மகள் தலையைத் தடவிவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனான். "ஒரு டம்ளர் தண்ணி குடும்மா" என்று உள்ளே இருந்து அவன் குரல் வந்ததும் புஷ்பமேரியும் ஓடினாள். ராஜமேரி ஜீப்பிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி."

சவரி அவள் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வழியில ஓசூர்னு என்னமோ கேட்டீங்களே. ஏன் கேட்டீங்க? ஏதாச்சும் லெட்டரு கிட்டரு வந்துச்சா?"

அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. உள்ளே மகள் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பத்து மணிக்குள் கையெழுத்து. மூன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், மகள் அங்கே காலூன்றிக்கொள்ளட்டும். அப்புறம் சொல்லலாம் என்று மனசு சொன்னது. இப்படித்தானே அவரும் நினைத்திருப்பார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"லெட்டரா? அதெல்லாம் ஒண்ணும் வரலியே. சும்மா கேட்டேன்," என்றாள் ராஜமேரி.

"அதான பாத்தேன்," என்று சவரி சிரிக்க முயன்றான்.

"காலைல ஏழுக்கு வண்டி. நீ இருக்கணும் சவரி. எங்கியும் போயிடாத."

"நான் எங்க அண்ணி போவப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, சவரி வாளியில் தண்ணீர் எடுத்துவரக் கிணற்றுப் பக்கம் நடந்தான்.